சால்டரிங் அயர்ன் யார் கையில்?

ஜூன் 5 வந்தால் மரக்கன்று, அக்டோபர் 2 வந்தால் சோலார் விளக்கு, டிசம்பர் 14 வந்தால் மின்சிக்கன ஊர்வலம். திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் கல்லூரிகளின் ஆண்டு ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது. ‘மாணவர்களுக்கும் கிராம மக்களுக்குமான செய்முறைப் பயிலரங்கம்’ என்று வாசலில் பிளக்ஸ் கட்டியிருப்பார்கள். மேசைக்கு ஒரு பெட்டி. உள்ளே கையகலப் பேனல், லித்தியம் பேட்டரி, சின்ன சர்க்யூட் போர்டு, எல்.இ.டி., நான்கு திருகு. சிவப்பு வயரைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து ஈயம் வைத்து, மூடியை முடுக்கி, ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம். கைதட்டல், குரூப் போட்டோ, சான்றிதழ்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பயிலரங்குகள் இன்னும் நிறைய நடக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து மறுபடி மாட்டுகிற அனுபவம் நம் பள்ளிக் கல்வியில் அறவே கிடையாது. ஆனால் விளக்கு எரிந்த பிறகு என்ன என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கம்பியைத் தொட்டவர் யார், தொடாமல் உட்கார்ந்திருந்தவர் யார், நாளை அதே தெருவில் சோலார் மாட்ட வரும் கம்பெனி யாரை வேலைக்குக் கூப்பிடும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதவரை, பசுமை ஆற்றல் என்பது பழைய ஊருக்குப் போட்ட புது கனெக்‌ஷன்தான்.

செய்முறைக்கும் சாதி உண்டு

‘கைத்தொழில் கல்வி’ என்று யார் சொன்னாலும் நம் இயக்கத் தோழர்களுக்குக் காது விடைக்கும். அதற்கு வரலாறு இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. வீட்டுத் தொழில் என்றால் அப்பன் தொழில், அப்பன் தொழில் என்றால் சாதித் தொழில். பெரியாரும் திராவிடர் இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று சரியான பெயரில் அழைத்து எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து, 2023இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தபோதும் அதே வாடை அடித்தது. அன்றிருந்த வடிவத்தில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024இல் சொல்லிவிட்டது.

இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் அது பாதிப் படம். சாதி சிலரைக் கருவியோடு கட்டிப்போட்டது என்றால், வேறு சிலரைக் கருவியைத் தொடாமலேயே மேலே ஏற்றிவிட்டது. டெஸ்டர் பிடிக்கத் தெரியாத மின்பொறியாளரும், முப்பது வருடமாகப் போஸ்ட் ஏறியும் ‘கையாள்’ என்ற பெயரைத் தாண்டாத தொழிலாளியும் ஒரே அமைப்பின் இரண்டு முனைகள். செய்பவருக்குச் சிந்திக்க உரிமையில்லை, சிந்திப்பவருக்குச் செய்ய அவசியமில்லை.

கைத்திறன் குறைவால்தான் நம் மக்கள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற வாதத்தையும் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு நம்ப முடியாது. இங்கே தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் கைவிட்டே தோலின் பதம் சொல்லும் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். திறமை அவர்களுடையது, ஷாப் அவர்களுடையது இல்லை. அரித்துப்போன கையும் கெட்டுப்போன நிலத்தடி நீரும் மட்டும் அவர்கள் பங்குக்கு வந்தன. ஆகவே, ‘திறன் மேம்பாடு’ என்று யார் பேசினாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். திறமையோடு சேர்த்து என்ன தருகிறாய்?

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைத்துக்கொள்வது நல்லது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியும். மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1943 அக்டோபர் 25 அன்று மின்சாரம் குறித்த கொள்கைக் குழுவில் அவர் ஆற்றிய தலைமையுரை, மின் உற்பத்தி அரசின் கையில் இருக்க வேண்டுமா தனியார் கையில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியில் தொடங்கி, மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்ற இடத்துக்குப் போகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுக்குக் கொடுத்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை கேட்டார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவர் பார்வை புரியும். பிறப்பு கொடுத்த கருவியை விட்டு வெளியே வருவதற்கு நவீனக் கருவி வேண்டும், அந்தக் கருவியை ஓட்டும் சக்தி யார் உடைமை என்ற கேள்வியும் வேண்டும்.

பயனாளி என்றொரு சாதி

இதே திண்டுக்கல் மாவட்டத்தில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது, 1956இல் கிராமிய நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ‘கையால் செய்து கற்பது’ என்ற நயி தாலீம் மரபில் வந்த இடம் அது. சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு, சோலார் என்று கிராமத்து எரிசக்தியை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்துவருகிறார்கள். நாட்டளவில் பார்த்தால், 2019 அக்டோபர் 2 அன்று காந்தியின் 150ஆவது பிறந்த நாளை ஒட்டி ஐ.ஐ.டி. பம்பாய் ஒருங்கிணைத்த நிகழ்ச்சியில் டெல்லி அரங்கம் ஒன்றில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் சோலார் விளக்கை மாட்டிக் கின்னஸ் சாதனை செய்தார்கள்.

இந்த முயற்சிகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இவற்றுக்கு அடியில் ஒரு கற்பனை இருக்கிறது. கிராமம் என்பது ஒரே குடும்பம், தன் எரிசக்தியைத் தானே உண்டாக்கிக்கொண்டால் அது சுயராஜ்யம் என்ற கற்பனை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசி உடைத்ததும் அதைத்தான். கிராமம் என்பது ஊரும் சேரியும். அதற்குள் எந்தத் தொழில்நுட்பம் போனாலும் அந்தக் கோட்டின் வழியாகத்தான் போகும்.

சாண எரிவாயுவைப் பாருங்கள். 1981-82இல் தேசியத் திட்டமாகவே அதைக் கொண்டுபோனார்கள். இரண்டு கன மீட்டர் கலன் ஒன்றுக்குத் தினமும் சுமார் ஐம்பது கிலோ சாணம் வேண்டும். அதாவது நான்கைந்து மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும், கலன் கட்ட வீட்டை ஒட்டிச் சொந்த இடம் வேண்டும். இது யார் வீடு? மானியம் மாடும் நிலமும் உள்ள வீட்டுக்குப் போனது. சாணத்தைக் கரைத்து ஊற்றும் வேலை, வழக்கம்போல, அந்த வீட்டுக்குப் பண்ணையத்துக்கு வந்தவருக்குப் போனது. கேஸ் எரிந்தது ஒரு அடுப்பில், நாற்றம் ஒட்டியது இன்னொருவர் கையில்.

மின்சாரத்திலும் இதே கதைதான். குடிசைக்கு ஒரு பல்பு என்று இணைப்பு கொடுத்தார்கள். 1988-89இல் ஒன்றிய அரசு அதற்கு குடிர் ஜோதி என்று பெயர் வைத்தது. 1990இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. இரண்டுமே இலவசம்தான். ஆனால் ஒன்று நாற்பது வாட் பல்பு, இன்னொன்று ஐந்து குதிரைத்திறன் மோட்டார். பல்பு வெளிச்சம் தரும். மோட்டார் நெல் தரும், சொத்து தரும், ஊரில் சொல்லுக்கு மரியாதை தரும். நிலமில்லாதவருக்கு விளக்கு, நிலமுள்ளவருக்கு விசை. இன்று பயிலரங்கின் முடிவில் காலனிப் பெண்களை வரிசையாக நிறுத்திச் சோலார் விளக்குக் கொடுத்துப் போட்டோ எடுக்கும்போது எனக்கு அந்த ஒற்றைப் பல்புதான் ஞாபகம் வருகிறது.

ஆய்வுக்காக நான் போன பயிலரங்குகளில் ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். நாற்பது மாணவர்களுக்கு இருபது பெட்டிகள். பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவர்கள் ‘பயனாளிகள்’ என்பதால் அவர்களுக்குப் பெட்டி இல்லை. பின்வரிசையில் நாற்காலி மட்டும். ஒரு மேசையில் விளக்கு எரியவே இல்லை. பயிற்றுநர் வேறு மேசையில் இருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்து வந்து, பேட்டரியின் முனைகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லி, ஈயத்தை இளக்கி, இரண்டு நிமிடத்தில் சரிசெய்தார். திண்டுக்கல்லில் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் மூன்று வருடமாக ஹெல்பர். மாலையில் சான்றிதழ் கொடுத்தபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. கல்லூரி அடையாள அட்டை இருப்பவர்களுக்குத்தான் சான்றிதழ். அவருக்கு ஒரு விளக்குக் கொடுத்தார்கள்.

அங்கே யாரும் தீண்டாமையைக் கடைப்பிடிக்கவில்லை. டீ எல்லோருக்கும் ஒரே பேப்பர் கப்பில்தான் வந்தது. ஆனால் கற்பவர், பெறுபவர் என்று அறையை இரண்டாகப் பிரித்த அந்தக் கோடு ஊர்க்கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் சாதி தன் வேலையைச் செய்துகொண்டு போவது இப்படித்தான்.

கூரை யாருடையது?

இப்போது சோலாரின் காலம். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். முதல் நிபந்தனை, பேனல் வைக்கத் தோதான கூரையுள்ள சொந்த வீடு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலில்லாத மொட்டைமாடி வேண்டும். காலனியின் தொகுப்பு வீடுகளை ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். கம்பி தெரியும் தளம், மழைக்கு மேலே விரித்த தார்ப்பாய். அதில் எங்கே இரும்புச் சட்டம் போல்ட் போடுவது? பட்டாவே அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ நிற்கும், அல்லது இன்னும் வந்தே இருக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். அதற்குள் அடங்கிவிடுகிற வீட்டுக்குக் கரண்ட் பில்லே கிடையாது. பில் வராத வீட்டுக்குச் சோலார் போட்டு மிச்சமாகப் போவது எதுவுமில்லை. ஏ.சி. ஓடும் வீட்டுக்குத்தான் லாபம். ஆக, மக்கள் வரிப்பணத்தில் வரும் மானியம் ஏற்கெனவே உறுதியான கூரை உள்ளவரின் கூரைக்குப் போகிறது. கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் சோலார் பூங்கா வந்தபோதும் நடந்தது இதுவே: நிலம் வைத்திருந்தவருக்கு வருடாந்தரக் குத்தகைப் பணம் வந்தது, அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு வேலை போனது.

அப்படியானால் கூரையில்லாத, நிலமில்லாத இளைஞருக்கு இந்தச் சோலார் யுகத்தில் இருக்கும் ஒரே வாசல் வேலை. ஒவ்வொரு மாடியிலும் யாராவது ஏறி இரும்புச் சட்டம் நிறுத்த வேண்டும், பேனலைத் தெற்கு பார்த்து, நம் திண்டுக்கல் அட்சரேகைக்குப் பத்து டிகிரி வாக்கில் சாய்க்க வேண்டும், டி.சி. கேபிள் இழுக்க வேண்டும். இன்வெர்ட்டர் மாட்ட வேண்டும். எர்த் குழி தோண்ட வேண்டும். இது விளையாட்டு வேலையும் இல்லை. வெயில் இருக்கும்வரை பேனலை ஆஃப் செய்ய முடியாது. தொடராக இணைத்த பேனல்களின் டி.சி. மின்சாரம் தவறாகத் தொட்டவரை விடாது. முறையான பயிற்சியும் கையுறையும் பெல்ட்டும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் இதை யார் தலையில் கட்டுவார்கள் என்று நமக்குத் தெரியும். மாட்டிய பிறகு பேனலில் படியும் தூசியைத் துடைக்கும் வேலைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும். சூரியனுக்குக் கீழே புதுத் துப்புரவுச் சாதி ஒன்று உருவாவதைப் பார்த்துக்கொண்டு நாம் ‘பசுமை வேலைவாய்ப்பு’ என்று கைதட்ட முடியாது.

சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

ஒருநாள் பயிலரங்கின் சான்றிதழ் பீரோவுக்குள் போகும். தொழில் செய்யத் தேவை வேறொரு தாள். தமிழ்நாட்டில் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத வேண்டுமென்றால் 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டுமே! பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் மாமா உள்ள பையனுக்கு அது ஒரு போன் கால். ஹெல்பராகவே வைத்திருந்தால்தான் கூலி குறைவாகக் கொடுக்க முடியும் என்று நினைக்கும் மேஸ்திரியிடம் வேலை செய்யும் பையனுக்கு அது எட்டாத உயரம். ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம், கட்டணமில்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு எலெக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற ஐ.டி.ஐ. படிப்பு கேட்டது. ஒன்பதாவதோடு நின்று மில்லுக்குப் போன பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்காது.

பயிலரங்கு நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆர்வத்தை ஏற்படுத்துவது எளிது. ஆர்வத்துக்கும் உரிமத்துக்கும் நடுவே இருக்கும் ஐந்து வருடத்தைக் கடக்க யார் கை கொடுப்பது என்பதுதான் சமூகநீதிக் கேள்வி.

கை கொடுக்க முடியும் என்பதற்குத் திண்டுக்கல்லே சாட்சி. இந்த மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு, தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் போன்ற சர்வதேச பிராண்டுகளோடும் உடன்பாடுகளில் கையெழுத்து வாங்கியது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகமே அதை அழைக்கிறது. பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டையும் அது கணக்கில் எடுத்தது. அங்கேயும் பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஆனால் அந்தப் பயிற்சியை நடத்துவதில் சங்கத்துக்கு இடம் இருந்தது. ஆலைக்குள் கண்காணிப்பவர்களாகத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வணிக நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டிருந்தன. வகுப்பறைக்குப் பின்னால் ஒரு கட்டாயம் நின்றது. வேறு எத்தனையோ ‘விழிப்புணர்வு’ வகுப்புகளுக்கு இல்லாத பலம் அதற்கு அப்படித்தான் வந்தது.

பசுமை ஆற்றல் பயிலரங்குகள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது. வெளியேயும் உதாரணங்கள் உண்டு. ராஜஸ்தானின் திலோனியாவில் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களை ஆறே மாதத்தில் சோலார் பொறியாளர்கள் ஆக்குகிறது. வண்ணக் குறியும் கைப்பழக்கமும்தான் பாடநூல். முக்கியமான விஷயம், ஊர் வீடுகள் மாதாமாதம் கட்டணம் கட்டுகின்றன. அதிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் போகிறது. நம் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. ஒன்று சம்பளத்தை உறுதிசெய்தது, இன்னொன்று உடைமையைப் பொதுவாக்கியது.

கேட்க வேண்டியவை

பயிலரங்கில் பங்கெடுக்கும் மாணவத் தோழர்களே, அடுத்த முறை பதிவுப் படிவம் வரும்போது சிலவற்றைக் கேளுங்கள். காலனியிலிருந்து வருபவர்களுக்குப் பெட்டி உண்டா, அல்லது நாற்காலி மட்டுமா? சான்றிதழ் எல்லோருக்கும் உண்டா? பயிலரங்கை ஒருமுறையாவது ஊர்ப் பள்ளியில் நடத்தாமல் காலனியின் சமுதாயக் கூடத்தில் நடத்துவீர்களா, ஊர்ப் பிள்ளைகள் அங்கே வந்து கற்றுக்கொள்ளட்டும். ஏற்கெனவே வயரிங் தெரிந்த ஹெல்பர் ஒருவரைப் பயிற்றுநராக உட்காரவைத்து, அவருக்கும் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியம் தருவீர்களா?

கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது இதைவிடப் பெரிது. உங்கள் மாடியில் சோலார் போட ஒப்பந்தம் கொடுக்கும்போது, உள்ளூர்ப் பட்டியல் சாதி இளைஞர்களையும் பெண்களையும் முறையான கூலியோடும் பாதுகாப்போடும் பயிற்சியாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். வேலை முடிந்ததும் அந்த அனுபவத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். உரிமத்துக்குத் தேவையான ஐந்து வருடத்தில் முதல் வருடம் அங்கே தொடங்கட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியது: ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளின் மொட்டைமாடிகள், காலனிகளின் சமுதாயக் கூடங்கள், அங்கன்வாடிகள், தண்ணீர்த் தொட்டி மோட்டார்கள் ஆகியவற்றுக்குச் சோலார் போடுங்கள்; போடும் பணியையும் பராமரிக்கும் பணியையும் அங்கே வாழ்பவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுங்கள். தனி வீட்டுக் கூரை இல்லாதவர்களுக்குப் பொதுக் கூரை இருக்கிறது. அதில் உருவாகும் மின்சாரத்தின் வருமானம் அந்தக் கூட்டுறவின் கணக்குக்கே வரட்டும்.

இலவச விளக்கு தர ஆள் நிறையப் பேர் வருவார்கள். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளலாம், மின்வெட்டுக்கு உதவும். நாம் கேட்பது மாடியில் ஏறும் படி, கையில் டூல் பாக்ஸ், சட்டைப் பையில் உரிமம், மாதக் கடைசியில் சம்பளம், மீட்டரில் நம் பெயர். இந்த ஐந்தும் கிடைக்கும் வரை ஒவ்வொரு பயிலரங்கிலும் பின்வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வருவோம். ஈயம் எங்களுக்கும் வைக்கத் தெரியும்.